பெரியவர் வீட்டில் இருக்கும் எங்கள் துப்பாக்கி

எங்களிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. இதைச் சொன்னதும் ஊரிலுள்ள மூத்த தோழர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. இளையவர்களுக்குக் கண் விரிகிறது. போன முறை விடுப்பில் வந்தபோது ஒரு மாணவர் விடுதியில் பேசப் போயிருந்தோம். உதவித்தொகை, இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று இரண்டு மணி நேரம் போனது. கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்த ஒரு தம்பி எழுந்தான். "அக்கா, அண்ணா, உங்ககிட்ட துப்பாக்கி இருக்காமே? நம்ம ஆளுங்க கையிலயும் ஒன்னு இருந்திருந்தா வெண்மணி நடந்திருக்குமா?" கூடமே கைதட்டியது. நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கினோம். அது பதிலே இல்லை என்பது அன்று இரவே உறுத்தியது. அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் சமூகவியல் முதுகலையில் ஒரே வகுப்பு. இருவருக்கும் சமூகப் பணிதான் தொழில். செவிலியராக முன்பே அமெரிக்கா போயிருந்த அக்கா போட்ட குடும்ப மனு பல ஆண்டு கழித்துக் கைகூடியது. 2017-இல் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வெளியே குடியேறினோம். எங்களில் ஒருவருக்கு வீடற்றோர் காப்பகத்தில் வேலை. இன்னொருவருக்கு மனநல நெருக்கடியில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கும் குழுவில் வேலை. இரண்டு வேலையிலும் ஒரு கேள்வி பொதுவானது. மனம் உடைந்து வருகிறவரிடம் படிவத்தைப் பார்த்துக் கட்டாயம் கேட்க வேண்டும்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? யார் கையில் சாவி?" இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும்.

2019-இல் ஒரு வாரத்தில் இரண்டு இரவு ஒரு சரக்கு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. முகப்பு விளக்கைச் சன்னலில் அடித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். காவல்துறை மறுநாள் வந்து எழுதிக்கொண்டு போனது. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். கறுப்பினத்தவர், வியட்நாம் போரில் இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் முன்வாசலில் போட்டு நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் அப்படியே செய்தார். வண்டி அதற்குப் பிறகு வரவில்லை. "துப்பாக்கி வாங்க நினைத்தால் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாங்குங்கள், பயத்தில் வாங்காதீர்கள்" என்றார். ஆனால் நாங்கள் பயத்தில்தான் வாங்கினோம்.

கையில் பணம் குறைவு. கடையில் புதுத் துப்பாக்கிகள் ஐந்நூறு, அறுநூறு டாலர். கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் பழைய இராணுவத் துப்பாக்கிகள் கிடந்தன. அதில் ஒன்றை 280 டாலருக்கு எடுத்தோம். டோக்கரெவ் வகை. சோவியத் படைக்காக ஃபியோதர் டோக்கரெவ் வடிவமைத்ததை ருமேனியா தன் குஜிர் ஆலையில் செய்தது. மேல்பாகத்தில் 1953 என்று பொறித்திருந்தது. கிழக்கு ஐரோப்பியப் படைகள் ஆயுதங்களை மாற்றியபோது கிடங்கில் கிடந்ததெல்லாம் கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. யாரோ ஓர் ஏழை நாட்டுச் சிப்பாய்க்காகச் செய்த இரும்பு, எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதன் சீன நகலை வியட்நாமில் எதிர்ப்படையினரின் இடுப்பில் பார்த்திருக்கிறாராம்.

வாங்கும்போது ஒரு கூட்டரசுப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, குடியேற்ற எண், குற்ற வழக்கு உண்டா என்று பல கேள்விகள். இனம் என்ன என்றும் ஒரு கட்டம். 'ஆசியர்' என்று குறித்தோம். சாதிக்குக் கட்டம் இல்லை. கடைக்காரர் கணினியில் சரிபார்த்தார். சிறிது நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. எங்கள் ஊரில் சாதிச் சான்றிதழ் வாங்கவே தாலுகா அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தவர்கள் நாங்கள். யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஆயுதம் கைக்கு வந்தபோது உள்ளே ஒரு துள்ளல் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, அது இனித்தது.

சுடக் கற்றுக்கொடுத்தது பெரியவர்தான். முதல் இரண்டு வாரம் தோட்டாவே கொடுக்கவில்லை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிவு செய்யும்வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள். இந்த நான்கையும் மந்திரம்போல் சொல்லவைத்தார். உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போனால் வாசலிலேயே காந்தத்தை வைத்துத் தோட்டாவைச் சோதித்தார்கள். பழைய இராணுவத் தோட்டாக்களில் இரும்பு கலந்திருக்கும், காந்தம் ஒட்டிக்கொள்ளும். அது தடுப்புத் தகட்டைக் கெடுக்கும் என்று உள்ளே விடவில்லை. அதனால் ஒரு மணி நேரம் வண்டியோட்டி, செம்மண் மேட்டை வெட்டிச் செய்த திறந்தவெளித் தளத்துக்குப் போவோம்.

டோக்கரெவின் தோட்டா சிறியது, வேகம் அதிகம். சத்தம் காதுறையைத் தாண்டி நெஞ்சில் அறையும். குழல் முனையில் ஆரஞ்சு நிறத்தில் தீ விரியும். எட்டுத் தோட்டா போனதும் மேல்பாகம் பின்னால் நின்றுவிடும். குறிமுள் சின்னதாக இருக்கும், கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். மூல வடிவில் பாதுகாப்புத் தாழே கிடையாது. இறக்குமதிக் கைத்துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவின் 1968 சட்டம் விதிக்கும் நிபந்தனைக்காக இறக்குமதி செய்தவர்கள் ஒரு சிறு தாழை ஒட்டவைத்திருந்தார்கள். "இதை நம்பாதே, உன் விரலை நம்பு" என்பார் பெரியவர்.

சுட்டுவிட்டு வந்தால் வேலை முடிந்துவிடாது. பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து உப்பை விட்டுப் போகும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் இட வேண்டும். துப்பாக்கி மலிவு, தோட்டா விலையேறிக்கொண்டே போனது, கழுவும் வேலை வேறு. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. மூச்சை அடக்கி, ஒரே புள்ளியைப் பார்த்து, கை நடுங்காமல் நிற்பது எங்கள் இருவருக்கும் புதிது. தலை குனிந்து நடக்கப் பழக்கப்பட்ட தெருவிலிருந்து வந்தவர்களுக்கு நிமிர்ந்து நிற்பதே ஒரு பயிற்சி.

அப்படிப் போய்வரும் வழியில் பெரியவர் கதை சொல்வார். நாங்களும் படிக்கத் தொடங்கினோம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே, விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று மிசிசிப்பி சட்டம் போட்டது. 1906-இல் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்களைக் கொன்று குவித்தபோது, அலபாமாவிலிருந்து ஓடிவந்த பேராசிரியர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி, மனைவியையும் மகளையும் காக்க வாசலில் உட்கார்ந்தார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டுபாய்ஸுக்குத்தான். நாங்கள் வாழும் ஊரில் நடந்தது இது.

அதே அட்லாண்டாவில் பிறந்த மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956 சனவரியில் குண்டு வீசினார்கள். அவர் அப்போது மண்டகமேரியில் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக்கொண்டிருந்தார். துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பிறகு யோசித்து, வீட்டிலிருந்த துப்பாக்கியையும் அகற்றிவிட்டார். வீட்டைச் சுற்றி விளக்குப் போட்டு, ஆயுதமில்லாத காவலர்களை வைத்துக்கொண்டார். 1964-இல் லூசியானாவில் கறுப்பின முன்னாள் படைவீரர்களும் தொழிலாளர்களும் தற்காப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 'டீக்கன்ஸ்' என்று பெயர். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது உண்மை. ஆனால் இரவுதோறும் முறைவைத்து ரோந்து போனதும், கம்பியில்லாக் கருவியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டதும், உரிமைப் போராளிகளின் வண்டிக்கு முன்னும் பின்னும் போனதும்தான் எதிரிகளை யோசிக்கவைத்தன.

1967-இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவில் சட்டப்படி துப்பாக்கியோடு வீதியில் நின்றார்கள். அதே ஆண்டு அந்தச் சட்டமே மாற்றப்பட்டது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். 2016-இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பரின் காரைக் காவலர் நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறதென்று அவர் முறைப்படி சொன்னார். உரிமமும் இருந்தது. அடுத்த சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் அவர் இணையரும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்ட காவலரை மறு ஆண்டு நீதிமன்றம் விடுவித்தது. சட்டப்புத்தகத்தில் உரிமை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் அரசு பயப்படுகிறது.

நம் நாட்டிலும் கதை இதுதான். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் காலத்தில் கொடவர்களுக்குத் தரப்பட்ட விலக்கு இன்னும் நீடிக்கிறது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. பிறப்பைப் பார்த்து ஆயுதத்தை நம்பிக் கொடுக்கும் வழக்கம் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மறுபக்கம், மகர்களும் பறையர்களும் நெடுங்காலம் பட்டாளத்தில் இருந்தவர்கள். அண்ணலின் தந்தை சுபேதார். 'வீரச் சாதி' என்ற கோட்பாடு வந்தபின் மகர்களுக்குப் படையின் கதவு சாத்தப்பட்டது. மகர் படைப்பிரிவு மீண்டும் எழ 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். நம் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. பலர் படிப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் விதி 3. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் தரலாம். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடிப்பவன் கையிலிருப்பதை வாங்கு. கொடுப்பது அதற்குப் பிறகு. நம் இளைஞர்கள் கடைசி வரியை மட்டும் படித்துப் பூரிக்கிறார்கள். முதல் வரிதான் வேலை. உங்கள் மாவட்டத்தில் எந்தெந்தக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அங்கே எத்தனை உரிமங்கள் யாரிடம் இருக்கின்றன, எத்தனை ரத்தாயின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். செலவு பத்து ரூபாய். அதைவிட மலிவான ஆயுதம் எங்களுக்குத் தெரியவில்லை.

வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது அவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களிடம் அது மட்டுமா இருந்தது? நிலம் இருந்தது, பணம் இருந்தது, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தது. அந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்ட சேரியில் ஒரே ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் மறுநாள் முதல் தகவல் அறிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தம்பி. பரமக்குடியில் 2011-இல் காவல்துறை சுட்டபோது நம் பிள்ளைகளைத்தானே கலவரக்காரர்கள் என்றார்கள்?

இதெல்லாம் படித்துச் சொல்வது. படிக்காமல் தெரிந்துகொண்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினோம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் அம்மா ஒருவர் ஊரில் இறந்துபோனார். எங்களில் யாருடைய அம்மா என்று எழுதப் போவதில்லை. இருவருக்கும் அம்மாதான். போக முடியவில்லை. அலைபேசியில் பார்த்தோம். கவச உடை போட்ட நான்கு பேர் உடலை இறக்கினார்கள். ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்கு விடவில்லை. உலகமே முகக்கவசம் போட்டு முடங்கிக் கிடந்த நாளிலும் அந்தத் தெரு தன் விதியைத் தளர்த்தவில்லை. வண்டி வாய்க்கால் கரையில் சுற்றிப் போனது. சேற்றில் இரண்டு முறை சிக்கியது. அதை நாங்கள் சிறு திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு போனது. பேச்சு குறைந்தது. "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்ற சொல் ஒருநாள் வாயிலிருந்து வந்தது. பிறகு வரவில்லை. வராததுதான் இன்னொருவருக்குப் பயமாக இருந்தது. ஓர் இரவு சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மனம் உடைந்து வருகிறவர்களிடம் கேட்கும் அதே கேள்வியை, படிவம் இல்லாமல், எங்கள் மொழியில் கேட்டோம். "சாகணும்னு தோணுதா?" பதில் வர நேரமானது. "தோணுது." அடுத்த கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. சாவி அலமாரியில்.

அமெரிக்காவில் அந்த ஆண்டு துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. வேலையில் இந்த எண்ணைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். எதிரிக்காக வாங்கி வைக்கும் ஆயுதம் அதிகமாக வீட்டுக்குள்ளேயே பாய்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். வாசலில் வண்டி நின்றது இரண்டே இரவு. துக்கம் உள்ளே உட்கார்ந்தது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது?

அன்று இரவே பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். மணி பதினொன்று இருக்கும். பெட்டியை நீட்டி, கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்து காப்பி போட்டார். "இதுவரை நான்கு நண்பர்களுடையதை வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்தாவது ஒருவனுடையதை வாங்கியிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றார். பிறகு பேசவில்லை. விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் மருத்துவரிடம் போனோம். மாத்திரையும் பேச்சுமாக ஓராண்டு ஆனது. துக்கம் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கணம் கடந்து போனது. அது கடந்து போகும் என்பதைத்தான் வேலையில் எல்லாருக்கும் சொல்கிறோம். எங்களுக்கும் அது பொய்க்கவில்லை.

இப்போதும் துப்பாக்கி எங்களுடையதுதான். இருப்பது அவர் வீட்டில். மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் செம்மண் மேட்டுக்குப் போகிறோம். திரும்பி வந்து அவர் வாசலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுகிறோம். அவர் எண்ணெய் போட்டு உள்ளே வைத்துப் பூட்டுகிறார். விற்றுவிடலாமே என்று அக்கா கேட்கிறாள். விற்க மனம் வரவில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை சிலருக்கு மட்டும் பிறப்புரிமையாக இருக்கும்வரை, அதை எங்கள் பெயரிலிருந்து நாங்களே அடிக்க விரும்பவில்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றியது அது என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். வண்டி வராமல் போனது ஒரு நாற்காலியால். எங்களில் ஒருவர் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரு கேள்வியால்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு எங்கள் பதில். உரிமத்தைக் கேள், அது உன் உரிமை. அதற்கு முன் அவர்களுடைய உரிமத்தைக் கேள்வி கேள். அதற்கும் முன், உன் விடுதி அறையில் இரண்டு வாரமாகப் பேசாமல் படுத்திருக்கும் தோழனிடம் போய் உட்கார். ரோகித் வெமுலாவைப் பதாகையில் அச்சடிக்கத் தெரிந்த நமக்கு, பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதே. கேட்டால் வராது. ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். கூச்சப்படாதே. பெரியவரின் ஐந்தாவது நண்பரை நினைத்துக்கொள்.

உனக்கே அப்படித் தோன்றினால், இந்த நொடியில் யாரையாவது எழுப்பு. யாரும் இல்லையென்றால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழை. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஜெய் பீம்.